சுவர்க்கத்துக்கு என்ன அவசரம்?

சுவர்க்கம் வேண்டாம் என்று சொல்லுகிற ஆஸ்திகர் எவரும் இல்லை. ஆனால், இன்று சாயங்கால வண்டியிலேயே புறப்படலாம் என்றால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வருகிறவரும் எவரும் இல்லை. இந்த வேடிக்கையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மார்கழிக் குளிரில், வைகுண்ட ஏகாதசியன்று, ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கிறது. பொழுது விடியுமுன்பே ஆயிரக்கணக்கான ஜனங்கள் அங்கே நிற்கிறார்கள். 'ரங்கா, ரங்கா' என்ற கோஷம் வானைப் பிளக்கிறது. அந்த வாசலைக் கடந்தால் வைகுண்டம் நிச்சயம் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள்தான் அவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சற்று விலகி நின்று பாருங்கள். தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறான், நசுங்கிவிடக் கூடாதே என்று. மருமகள் மாமியாரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். போலீஸ்காரர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். மயங்கி விழுகிறவர்களுக்காக முதலுதவிக் கொட்டகை இருக்கிறது; 108 ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. சுவர்க்கத்தின் வாசலில், யாரும் உண்மையிலேயே சுவர்க்கம் போய்விடாமல் இருக்க இத்தனை ஏற்பாடுகள்! வாசலைக் கடந்தவர்கள் மறுபக்கம் வந்ததும் செய்கிற முதல் காரியம் கூட வந்தவர்களை எண்ணிப் பார்ப்பது. இரண்டாவது காரியம் செருப்பைத் தேடுவது.

108 என்றதும் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. வைணவர்கள் திவ்ய தேசங்கள் 108 என்று சொல்வார்கள். அவற்றில் முதலாவது ஸ்ரீரங்கம். அந்த 108-இல் 106 இந்தப் பூமியிலேயே இருக்கின்றன. திருப்பாற்கடலும் பரமபதமும் ஆகிய இரண்டு மட்டுமே இந்த உடம்போடு போய்ச் சேர முடியாதவை. சுவர்க்கத்தை அத்தனை ஆசையோடு நினைத்தவர்கள்கூட, தங்கள் தெய்வத்துக்கு 106 இடங்களை மண்ணிலே ஒதுக்கிவிட்டு, இரண்டே இரண்டைத்தான் அப்பால் வைத்தார்கள். அரங்கத்தில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார், இங்கே இருந்து பெருமாள் பெயரைச் சொல்லும் ருசியை விட்டு இந்திரலோகத்தை ஆளும் பாக்கியம் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாஸ்திக நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் உடனே மடக்குவார்: "சுவர்க்கம் இதைவிட மேலான இடம் என்கிறீர்கள். அப்படியானால் காய்ச்சல் வந்ததும் டாக்டரிடம் ஏன் ஓடுகிறீர்கள்? குழந்தைக்கு ஊசி போட ஏன் வரிசையில் நிற்கிறீர்கள்? உத்தியோக உயர்வு பெற்று டில்லிக்குப் போகிறவனை வழியனுப்பும்போது யாராவது மாரில் அடித்துக்கொண்டு அழுவதுண்டா?"

சிரித்துத் தட்டிக் கழித்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது. மிகப் பழைய கேள்வியுங்கூட. கிறிஸ்து பிறப்பதற்கு 399 ஆண்டுகளுக்கு முன்பு, ஆதன்ஸ் நகரத்துச் சிறையில், சாக்ரடீஸ் விஷம் அருந்தவேண்டிய நாளன்று, அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிநேகிதர்களில் ஸீபஸ் என்பவர் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். ஞானிக்கு மரணம் நல்லதுதான் என்கிறீர்கள். அப்படியிருக்க அவனே அதைத் தேடிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறீர்களே, இது எப்படிப் பொருந்தும் என்றார். நாம் இங்கே ஒரு காவல் இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள், உத்தரவில்லாமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாம் தேவர்களின் உடைமை, உடைமை தன்னைத்தானே அழித்துக்கொள்ளலாகாது என்பது சாக்ரடீஸ் சொன்ன பதில். பிளேட்டோ இதை எழுதி வைத்தார்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு சோகமான பின்கதை உண்டு. கிளியோம்ப்ரோட்டஸ் என்ற வாலிபனுக்கு வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லையாம். ஆத்மாவைப் பற்றிய அந்த ஒரு புத்தகத்தைப் படித்தான். சூரியனிடம் விடைபெற்றுக்கொண்டு உயரமான சுவரிலிருந்து குதித்துவிட்டான் என்று கலிமாக்கஸ் என்ற கிரேக்கக் கவி பாடியிருக்கிறார். குதிக்காதே என்று சொல்லுகிற பக்கமும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. சுவர்க்கம் இருக்கும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, காவல் இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டான் போலிருக்கிறது.

ஆனால் சாக்ரடீஸின் பதிலிலும் ஒன்று பாக்கி நிற்கிறது. காவலில் நிறுத்தப்பட்டிருக்கிறோம், சரி, எதைக் காப்பதற்காக? இதற்குப் பதில் தெரிந்தால் நம் நாஸ்திக நண்பருக்கும் பதில் சொல்லிவிடலாம்.

சுலபமாகக் கிடைக்கிற விடைகள் மூன்று உண்டு. முதலாவது, 'இவர்களுக்கு உண்மையில் நம்பிக்கையே கிடையாது. எல்லாம் உதட்டளவு' என்பது. இரண்டாவது, 'நம்பிக்கை இருக்கிறது. ஆனால் சாவைக் கண்டால் பயம்' என்பது. மூன்றாவது, 'சாஸ்திரம் தடுக்கிறது. இல்லாவிட்டால் போயிருப்பார்கள்' என்பது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்துகூட விஷயத்தை முழுவதும் விளக்கிவிடவில்லை.

பெல்ஜியத்தில் பிறந்த டேமியன் பாதிரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகிகளை ஒதுக்கி வைத்திருந்த ஹவாயின் மொலகாய்த் தீவுக்கு 1873-இல் தாமாகவே போனார். அங்கேயே அந்த நோய் பற்றி, 1889-இல், 49-ஆவது வயதில் இறந்தார். அவருடைய நம்பிக்கையை உதட்டளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சாவுக்குப் பயந்தவர் என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மனிதர் அந்த நோயாளிகளிடம் போய், 'கவலைப்படாதீர்கள், சீக்கிரமே பரலோகம் போய்விடுவீர்கள்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? புண்களைக் கழுவிக் கட்டினார். வீடுகள் கட்டிக் கொடுத்தார். தண்ணீருக்கு வழி செய்தார். பரலோகத்துக்கு இத்தனை அருகில் இருக்கிறவனுக்குக் கூரை எதற்கு, குழாய் எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. சாஸ்திரம் தடுக்கிறது என்பதனால் மட்டும் பூமியில் இருப்பவன் ஜெயில் கைதி மாதிரி. நாளை எண்ணிக்கொண்டிருப்பானே தவிர, ஜெயிலுக்கு வெள்ளையடிக்க மாட்டான்.

என் பாட்டி ஒருத்தி இருந்தாள். ராத்திரி படுக்கப் போகும்போது, "நாராயணா, என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளேன்" என்று உரக்கப் பிரார்த்தனை செய்வாள். அதே மூச்சில், "லேகியம் தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஞாபகமாக வாங்கிக்கொண்டு வா" என்று மகனுக்கு உத்தரவு போடுவாள். பேரன்மாரான எங்களுக்கு இது நித்தியத் தமாஷ். "போகப் போகிறவளுக்கு லேகியம் எதுக்குப் பாட்டி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டோம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் கூப்பிடறப்போ கூப்பிடட்டும், அதுவரைக்கும் உங்களுக்கெல்லாம் சாதம் போட வேண்டாமாடா?" என்றாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், பிளேட்டோவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சாக்ரடீஸ் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டாள்.

இதையே மகாபாரதம் பெரிய அளவில் சொல்கிறது. வனத்தில் மனம் நொந்திருந்த தருமபுத்திரருக்கு வியாசர் சொன்ன கதை இது. குருக்ஷேத்திரத்தில் முத்கலர் என்று ஒரு முனிவர் இருந்தார். உஞ்சவிருத்தி செய்து, அதாவது அறுவடையான வயலில் சிந்திக் கிடக்கிற தானியத்தைப் பொறுக்கி, குடும்பத்தோடு ஜீவித்தவர். பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் சாப்பாடு; அதிலும் அதிதிக்கு இட்டது போக மீதிதான். துர்வாசர் பைத்தியக்காரக் கோலத்தில் வந்து அத்தனை சாதத்தையும் சாப்பிட்டு, எச்சிலை உடம்பிலும் பூசிக்கொண்டு போனார். அடுத்த தடவையும் வந்தார். இப்படியே ஆறு தடவை. முத்கலர் முகம் கோணவில்லை. துர்வாசர் மகிழ்ந்து, நீர் இந்த உடம்போடேயே சுவர்க்கம் போகலாம் என்றார். அன்னப்பறவைகள் பூட்டிய விமானம் வாசலில் வந்து இறங்கியது. தேவதூதன், "ஏறுங்கள்" என்றான்.

நாமாயிருந்தால் ஏறியிருப்போம். முத்கலர் ஏறவில்லை. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் விசாரிக்கிற சம்சாரி மாதிரி, "அப்பா, அந்த இடத்தின் குணம் என்ன, தோஷம் என்ன, சொல்லு" என்று கேட்டார். தேவதூதன் யோக்கியன், இரண்டையும் சொன்னான். அங்கே பசி இல்லை, தாகம் இல்லை, வியர்வை இல்லை, சூடிய மாலை வாடுவதில்லை. தோஷம் என்னவென்றால், அங்கே செய்த புண்ணியத்தின் பலனை அனுபவிக்கலாமே தவிர, புதிதாக ஒன்றும் செய்ய முடியாது. இது கர்ம பூமி. அது பல பூமி. முதல் கரைந்ததும் கீழே விழவேண்டியதுதான். தன்னைவிட உயர்ந்த இடத்தில் இருக்கிறவனைப் பார்த்து உண்டாகிற புகைச்சல் வேறு.

முத்கலர் அவனுக்கு நமஸ்காரம் சொல்லி, விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடியும் உஞ்சவிருத்திக்கே போனார். விழுந்துவிடுகிற சுவர்க்கம் வேண்டாம், விழாத பதவியே வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். முடிவில் தியானத்தால் அதை அடைந்தார் என்று கதை முடிகிறது. ஆனாலும், அந்தத் தூதன் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு குறைதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. அங்கே புதிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றானே, அதை எண்ணிப் பாருங்கள். பசி இல்லாத ஊரில் அன்னதானம் எப்படிச் செய்வது? நோய் இல்லாத ஊரில் யாருக்கு நெற்றியில் பற்றுப் போடுவது? அழுகை இல்லாத ஊரில் யாருடைய கண்ணீரைத் துடைப்பது? முத்கலர் எந்தக் காரியத்தினால் சுவர்க்கத்துக்கு உரியவர் ஆனாரோ, அந்தக் காரியத்தைச் செய்வதற்குச் சுவர்க்கத்தில் இடமே இல்லை! துர்வாசர் பட்டினியாக வந்து நிற்க, இந்த மண்ணில்தான் முடியும்.

இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி புறநானூற்றில் பாடினார். அமிழ்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டுமானால் அமிழ்தம் இல்லாதவன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோர் கையிலும் கிண்ணம் நிறைந்திருக்கிற இடத்தில் பங்கிடுவது எங்கே?

"அது சரி; உங்கள் இந்திரலோகம் முடிந்துவிடுகிற சுவர்க்கம். முடிவே இல்லாத பரலோகத்தை நம்புகிறவர்கள் விஷயம் என்ன?" என்று நண்பர் விடாமல் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அப்போஸ்தலர் பவுலிடம் இருக்கிறது. விலங்கோடு காவலில் இருந்த காலத்தில் பிலிப்பி நகரத்துச் சபைக்கு அவர் ஒரு நிருபம் எழுதினார். இரண்டு பக்கமும் தம்மை இழுக்கிறது என்று அதில் மனம் விட்டுச் சொல்கிறார். உடம்பை விட்டுக் கிறிஸ்துவிடம் போய்ச் சேர்வது தமக்கு மிகவும் மேலானது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பில் தங்கியிருப்பது உங்களுக்கு அதிக அவசியம்; ஆகையால் இருக்கிறேன் என்கிறார். 'எனக்கு' நல்லது ஒன்று, 'உங்களுக்கு' அவசியமானது வேறொன்று. இரண்டாவதை அவர் எடுத்துக்கொண்டார். பவுலின் பதிலும் பாட்டியின் பதிலும் ஒன்றுதான். பாட்டி சாதம் என்றாள். அவர் சபை என்றார்.

இஸ்லாத்திலும் இதற்கு ஒத்த வாக்கு உண்டு. உலக முடிவு வந்துவிட்டது. கையில் ஒரு மரக்கன்று இருக்கிறது. நடுவதற்கு அவகாசம் இருந்தால் அதை நட்டுவிடு என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் கூறுகிறது. மறுமையை ஒரு சிறிதும் சந்தேகிக்காதவர்களுக்குச் சொன்ன பேச்சு அது. மறுமை வருகிறதே என்று கன்றைக் கீழே போட்டுவிடாதே என்பதுதான் அதன் தாத்பரியம்.

முத்கலரின் கதையைக் கேட்ட தருமபுத்திரருக்கே கடைசியில் அந்தப் பரீட்சை வந்தது. சுவர்க்கத்தில் கால் வைத்தார், அங்கே துரியோதனன் சிங்காதனத்தில் இருந்தான், தம்பிகளைக் காணோம். அவர்கள் எங்கே என்று கேட்டு, இருட்டும் துர்நாற்றமுமான நரகத்துக்குப் போனார். திரும்ப நினைத்தபோது நாலாபக்கமும் குரல்கள் கேட்டன: கொஞ்ச நேரம் இருங்கள், உங்கள் மேனியில் பட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது என்று. பீமனுடைய குரல், கர்ணனுடைய குரல், திரௌபதியின் குரல். தருமர் தூதனைப் பார்த்து, "நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். என்னால் ஒருவனுக்கு வேதனை தணிகிற இடம் எதுவோ அதுவே என் இடம் என்ற முடிவு அது. அதற்குப் பிறகுதான், இது சோதனை என்று தேவர்கள் வந்து சொன்னார்கள்.

ஆகவே, நம்பிக்கையுள்ளவன் உயிரைப் போற்றுவது சுவர்க்கத்தை மறந்துவிட்டதனால் அல்ல. சுவர்க்கத்துக்குப் போகும் தகுதி எதுவோ அது இந்த மண்ணில், இன்னொருவனுடைய தேவையில் இருக்கிறது என்பதனால்தான். சாக்ரடீஸ் சொன்ன காவல் என்பது ஒருவருக்கொருவர் காவல்.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற பேச்சு அல்ல, கல்லிலும் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1068-ஆம் ஆண்டை ஒட்டியது, அதன் சுவரில் காணப்படுகிறது. கோயிலைச் சேர்ந்த ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி, எப்படி நடக்க வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. படுக்கைகள் 15. ஒரு வைத்தியர், கத்தி வைத்துச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். வருஷத்துக்கு வேண்டிய மருந்துகளின் பட்டியல் கூட உண்டு. அங்கே படித்த மாணாக்கர்களுக்காகவும் கோயில் ஊழியர்களுக்காகவும் ஏற்பட்ட சாலை அது. வைகுண்டநாதனைப் பிரதிஷ்டை செய்த அதே மதிலுக்குள், பக்தன் அவசரப்பட்டு வைகுண்டம் போய்விடாமல் இருக்கக் கஷாயம் காய்ச்சினார்கள்! இதில் முரண்பாடு இருப்பதாக அந்தக் கல்லை வெட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னும் கிட்டத்தில் வருவோம். 1890-களில் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கட்டர் இருந்தாள். ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. தகப்பனார் வரத் தயாராக இருந்தார். ஆனால் அன்னிய ஆண் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். பெண்ணை அழைத்தார்கள், அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூன்று கணவன்மாரும் தெய்வ பக்தி உள்ளவர்கள்தாம். ஆனால் சுமங்கலியாகப் போனால் நற்கதி என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாமல், இருட்டில் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தோற்கடித்தது சுவர்க்க நம்பிக்கை அல்ல, ஊர் வழக்கம். ஐடாவும் பரலோகத்தை நம்புகிறவள்தான். அந்த ஆத்மாக்களுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அவளோ அமெரிக்காவுக்குப் போய், 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தாள். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவள் தொடங்கியதுதான் இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து குவிகிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

இவ்வளவு நேரம் நல்ல பக்கத்தையே சொல்லிக்கொண்டு வந்தேன். கெட்ட பக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதில் பிரயோஜனம் இல்லை.

பௌத்த பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லுகிற விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு இல்லறத்தான் நோயாகப் படுத்திருந்தான். அவனுடைய மனைவி அழகி. சில துஷ்டப் பிக்குகளுக்கு அவள் மேல் கண். இவன் உயிரோடு இருக்கும்வரை அவள் நமக்குக் கிடைக்க மாட்டாள் என்று எண்ணி, நோயாளியிடம் போனார்கள். கத்தி கொண்டு போகவில்லை. விஷம் கொண்டு போகவில்லை. சுவர்க்கத்தைக் கொண்டு போனார்கள். "நீ நல்லதே செய்தவன், பாவமே செய்யாதவன். இந்தக் கஷ்ட ஜீவனம் உனக்கு எதற்கு? இறந்தால் சுவர்க்கம், அங்கே தேவபோகம்" என்று தேனொழுகப் பேசினார்கள். அந்தப் பேதை நம்பினான். ஆகாததைத் தின்றான், ஆகாததைக் குடித்தான், செத்துப்போனான். மனைவி தெருவில் நின்று ஓலமிட்டாள். விஷயம் புத்தர் காதுக்கு எட்டியது. ஒரு மனிதனைக் கொல்வது மட்டுமல்ல, ஒருவனிடம் மரணத்தைப் புகழ்ந்து பேசி அவனைச் சாகத் தூண்டுவதும் பிக்குவைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடும் குற்றமே என்று அவர் விதி செய்தார்.

எவ்வளவு கூர்மையான விதி! சுவர்க்கத்தைப் பற்றிப் பேசுவது பாவம் என்று அவர் சொல்லவில்லை. யார், யாரிடம், எந்த ஆதாயத்துக்காகப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தார்.

அந்தப் பிக்குகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். காவி கட்டியிருக்க மாட்டார்கள்; அவ்வளவுதான். எழுபத்தைந்து வயதில் ஒரு விதவை அத்தை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். ஆபரேஷன் செய்தால் எழுந்து நடமாட வழியுண்டு என்கிறார் டாக்டர். கூடத்தில் ஆலோசனை நடக்கிறது. "இனிமேல் இந்த வயசில் எதற்கு? புண்ணியவதி. பகவான் திருவடியை நிம்மதியாக அடையட்டும்" என்கிறார் குடும்பத் தலைவர். கேட்பவர்களுக்குக் கண்ணில் ஜலம் வருகிறது. அதே தலைவருக்கு மறுமாதம் நெஞ்சில் லேசாகக் குத்தினால், பட்டணத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியாக விசாரிக்கிறார். தனக்கு ஆஞ்சியோகிராம், அத்தைக்கு வைகுண்டம்! அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'கொல்லையில் முருங்கை பூத்திருக்கிறது, காய் பார்த்துவிட்டுப் போகிறேனே' என்று சொல்லியிருப்பாளோ என்னவோ.

தென் மாவட்டங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுக்கையில் விழுந்த வயோதிகர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, முடித்துவிடுகிற கொடுமை 2010-இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. அங்கேயும் அன்பான வார்த்தைகளுக்குப் பஞ்சம் இராது. இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், நல்லபடியாகப் போகட்டும் என்பதுதான் பேச்சு. ஏழ்மையும் பராமரிக்க ஆளில்லாத கஷ்டமும் அதற்குப் பின்னால் இருப்பது வாஸ்தவம். ஆனால் ஏழ்மையை ஏழ்மை என்றே சொல்ல வேண்டும். அதற்குச் சுவர்க்கம் என்று பெயர் சூட்டினால், அந்த ஏழ்மையைத் தீர்க்கும் பொறுப்பிலிருந்து நாம் எல்லோருமே தப்பித்துக்கொள்கிறோம்.

அப்படியானால் கடைசி மூச்சுவரை ஊசியும் குழாயுமாகப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. உயிரைப் போற்றுவது வேறு. சாவை நீட்டிக்கொண்டே போவது வேறு. இனிச் சிகிச்சை பயனில்லை என்ற நிலையில் தன்னை இயந்திரங்களில் மாட்டி வைக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை நம் சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் அங்கேயும் பாருங்கள்: எழுதி வைக்கிறவர் போகிறவரே, அவருடைய படுக்கையைச் சுற்றி நிற்கிற பங்காளிகள் அல்ல. பவுல் 'எனக்கு மரணம் மேலானது' என்றார். 'உங்களுக்கு மேலானது' என்று சொல்லவில்லை. டேமியன் தம் உயிரைத் துச்சமாக நினைத்தார்; நோயாளிகளின் உயிரை அப்படி நினைக்கவில்லை. மெய்யான நம்பிக்கைக்கும் போலி நம்பிக்கைக்கும் இதுவே உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது. மெய்யானவன் சுவர்க்கத்தை நினைத்துத் தன் உயிரைத் தளர்த்திப் பிடிப்பான். பிறர் உயிரை இறுக்கிப் பிடிப்பான். போலி தன் உயிரை இறுக்கிக்கொண்டு, பிறருக்குச் சுவர்க்கத்தைச் சிபாரிசு செய்வான்.

நாஸ்திக நண்பருக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அழுகையைப் பற்றிக் கேட்டாரே! லாசரு என்ற நண்பன் இறந்தபோது, அவனை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவானின் சுவிசேஷம் சொல்கிறது. டில்லிக்குப் போகிறவனுக்காக நாம் மாரில் அடித்துக்கொண்டு அழுவதில்லைதான். ஆனால் ரயில் நகர்ந்த பிறகு, காலியான பிளாட்பாரத்தில் ஒரு தாயார் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததுண்டா? மகன் நல்ல இடத்துக்குத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். இனி ராத்திரி யாருக்காகத் தட்டு வைப்பது என்பதுதான் அவள் துக்கம். கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் போன துக்கம் அது. அதற்கு அவநம்பிக்கை என்று பெயர் வைப்பது சரியல்ல.

சுவர்க்கம் இருக்கிறதா, இல்லையா என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது என் சக்திக்கு மேற்பட்ட காரியம். இருக்கிறது என்று நம்புகிறவரும் இல்லை என்கிறவரும் ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் சேர்ந்து உட்கார முடியும் என்பது மட்டும் நிச்சயம். படுத்திருக்கும் பெரியவர், "அவன் எப்போது கூப்பிடுவானோ" என்று சொன்னால், அது அவருக்கும் அவனுக்கும் உள்ள பேச்சு, சொல்லிவிட்டுப் போகட்டும். நாம் அதற்கு ஆமாம் போட வேண்டியதில்லை. மணி எட்டாகிவிட்டதா, மாத்திரை கொடுத்தாகிவிட்டதா, கஞ்சி ஆறிவிட்டதா என்று பார்ப்பதுதான் நம்முடைய வேலை.